25 லிட்டர் எனாமல் கீசர்: அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் தரம் தெரியும்

சுவரில் நிமிர்த்தி மாட்டுகிற 25 லிட்டர், 2000 வாட் கீசர்கள் சூடேற்றும் வேகத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவையில்லை. 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர அரை மணி நேரம் ஆகும். 2000 வாட் எலிமென்ட் எதுவானாலும் கணக்கு அதுதான். "அதிவேகம்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட் திருகு வெளியிலேயே இருக்கும் மாடல் நல்லது. மூடிக்குள் இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டியிருக்கும். 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போகப் போக உப்பு வேகமாகப் படியும். 45-க்குக் கீழே இறக்கினால் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் குழாய்ப் பக்கம் தெர்மோஸ்டாட் மிக்ஸர் (தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு) போடுவது அவசியம்.

இந்த வகையின் உயிர்நாடி மெக்னீசியம் ஆனோடு கம்பி. தொட்டிக்குள் பூசிய எனாமலில் மயிரிழை விரிசல் விட்டால், தொட்டியின் இரும்புக்குப் பதில் அது கரைந்துபோகும். கம்பி முழுதும் கரைந்த பிறகு துரு தொட்டியைத் தின்னும். ஓட்டை விழுந்த தொட்டியைச் சரிசெய்ய முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை கம்பியை வெளியே எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ, நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். சாஃப்ட்னர் (கடினநீரை மென்னீராக்கும் கருவி) வைத்த வீடுகளில் இன்னும் சீக்கிரம் கரையும். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால், அலுமினியம்-துத்தநாக ஆனோடு போட்டுப் பார்க்கலாம்.

எலிமென்டில் படிந்த உப்பைக் கத்தியால் சுரண்டினால் உறை கீறிப்போகும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவிட்டால் தானே கழன்றுவிடும். திருப்பி மாட்டும்போது புதுக் கேஸ்கெட் போட்டு, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் கசியும்.

மின்சாரம் துண்டித்து, ஒயர்களைக் கழற்றிய எலிமென்டில் மல்டிமீட்டர் வைத்தால், 230 வோல்ட் 2000 வாட்டுக்குச் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் எலிமென்ட் அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தும் மின்கசிவு பிரேக்கர் விழுந்தால், உறையில் நுண்துளை விழுந்திருக்கும். சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் பொத்தான் அடிக்கடி குதிக்கிறதா? அதை அமுக்கிக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் முனைகள் ஒட்டிப்போயிருக்கலாம்.

சேஃப்டி வால்வு சூடேறும்போது சொட்டுவது பழுதாகாது. 25 லிட்டர் நீர் 60 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய 350 மில்லி விரியும். அது வெளியேற வழி வேண்டும். சூடு ஆறின பிறகும் சொட்டினால்தான் கவனிக்க வேண்டும். சொட்டுக் குழாயை மட்டும் யாரும் அடைத்துவிடாதீர்கள்.

பெருங்குறை ஒன்று: பல மாடல்களில் ஆனோடும் எலிமென்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. கம்பியைப் பார்க்கவே தொட்டியை முழுதும் வடிக்க வேண்டும். ஆனோடு தனியாகக் கழலும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். வடித்துவிட்டு நிரப்பும்போது, வெந்நீர்க் குழாயில் காற்று வருவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது; காலித் தொட்டியில் எலிமென்ட் சீக்கிரம் எரிந்துபோகும்.