அரை கிலோ பிளேட்டுக்கு இவ்ளோ காசான்னு கேட்டவங்களுக்கு

ஜிம் ராடுல ரெண்டு பக்கமும் மாட்டற சின்ன எடை பிளேட் செட் ஒண்ணு, 0.5, 1, 1.5, 2 கிலோன்னு நாலு ஜோடி, ஆன்லைன்ல வாங்கி ஆறு மாசம் ஆகுது. 2400 ரூபா. பார்சல பிரிச்சதும் அம்மா கேட்டது, ஏன்டா இதுக்கு மளிகைக்கடை எடைக்கல்லு வாங்கியிருக்கலாமேன்னு.

எங்க ஜிம்ல இருக்கறதுலயே சின்ன பிளேட் 2.5 கிலோ, ரெண்டு பக்கமும் மாட்டுனா ஒரே தாவுல 5 கிலோ ஏறிடும். டெட்லிஃப்ட்ல, அதாவது தரைலேர்ந்து ராட தூக்கறதுல, 100லேர்ந்து 105 போறது சமாளிச்சுக்கலாம். நான் ஓவர்ஹெட் பிரஸ்ல, அதாவது நின்னுட்டு தலைக்கு மேல தூக்கறதுல, 40ல நின்னுட்டு இருந்தேன், அதுல 5ங்கறது எட்டுல ஒரு பங்கு. அந்த 45ஐயும் பழையபடி அஞ்சு செட், செட்டுக்கு அஞ்சு ரெப்ஸ் (அஞ்சு தடவ தூக்கறது), வாரம் மூணு நாள்னே அடிச்சேன், அதாவது ஒரு நாளைக்கு மொத்தம் 1000 கிலோ தூக்கிட்டு இருந்தவன் திடீர்னு 1125. வெயிட்ட ஏத்துனா செட்ட குறைடான்னு மாஸ்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு, கேட்டா தானே. மூணாவது வாரம் வலது தோள்பட்டை புடிச்சுக்கிச்சு, சட்டை மாட்டக்கூட கை பின்னாடி போகல. தசை சீக்கிரம் தேறிடும், தசைய எலும்போட கட்டி வைக்கற டெண்டன் மெதுவாத்தான் தேறும்னு ஃபிசியோ அக்கா சொன்னப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. ரெண்டு மாசம் பிரஸ் கட்.

அப்புறம்தான் இந்த சின்ன பிளேட்டோட திரும்ப 35ல ஆரம்பிச்சேன். இப்ப 1 கிலோ ஏத்துற வாரம் நாலு செட்டோட நிறுத்திக்குவேன், அடுத்த வாரம் அதே வெயிட்ல அஞ்சாவது செட்ட சேத்துக்குவேன், நாலு வாரத்துக்கு ஒரு வாரம் லேசா. ஆறு மாசத்துல 44 வந்திருக்கேன், வலி இல்ல. 1 கிலோ எல்லாம் ஒரு வெயிட்டான்னு ஜிம்ல ஓட்டுறானுங்க. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு மொத்தம் 199 தூக்குனாங்க, வெண்கலம் 200க்கு போச்சு, அத சொன்னா கப்சிப்.

குறை இல்லாமயா. பக்கத்து கடை தராசுல வச்சுப் பாத்தா ஒரு அரை கிலோ பிளேட் 520 கிராம், அதோட ஜோடி 485. என்னடா இது, துல்லியத்துக்குன்னுதானே வாங்கறோம். பெயிண்ட்டும் ஓரத்துல உரிய ஆரம்பிச்சிடுச்சு. ஓட்டை கொஞ்சம் லூசு, கிளிப் போடலன்னா ஆட்டம் போடும்.

முக்கியமா, வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஜிம் ராடு முனைய அளந்துக்கங்க. இது 50 எம்எம் ஒலிம்பிக் பாருக்கு. நம்ம ஊர் ஜிம்ல பாதி ராடு 28 எம்எம்தான், அதுல மாட்டுனா வளையல் மாதிரி தொங்கும்.

அப்புறம் முழு செட்டும் வேணாம். 0.5, 1, 1.5 மூணு ஜோடிய மாத்தி மாத்தி போட்டாலே 1லேர்ந்து 6 கிலோ வரைக்கும் எல்லாமே வந்துடுது. 2 கிலோ ஜோடி அன்னிக்கு தராசுக்கு போயிட்டு வந்ததோட சரி, கட்டிலுக்கு அடில கெடக்கு.