ஹைலைட்டர் எண்டு 14,500 ரூபா போச்சு, ஒன்லைன்ல மேக்கப் சாமான் வாங்கிறாக்கள் கட்டாயம் வாசியுங்கோ

14,500 ரூபா. ஒரு ஹைலைட்டர் பலட்டுக்கும் (முகத்தில மினுக்கம் குடுக்கிற மேக்கப், நாலு கலர் ஒரே பெட்டியில) அதோட வந்த ஒரு பிரஷ்சுக்கும். கோவத்தில கை நடுங்க நடுங்கத்தான் டைப் பண்ணுறன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

போன வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு. சலூன்காரர் கேட்ட காசு எங்களுக்குக் கட்டுப்படியாகேல்ல, அதால நானே போட்டுவிடுறன் எண்டு சொன்னனான், வீட்டில எல்லாற்ற விசேசத்துக்கும் நான்தான் போடுறது. நல்ல ஹைலைட்டர் ஒண்டு மட்டும் இல்ல. வெளிநாட்டுச் சாமான் இறக்கி விக்கிற ஒரு ஒன்லைன் மேக்கப் பேஜ்ல கேட்டன்.

பேஜ் நடத்திற பிள்ளை கதைச்ச விதத்திலதான் நான் விழுந்தன். "அக்கா, தங்கச்சியின்ர போட்டோ ஒண்டு அனுப்புங்கோ, மேக்கப் இல்லாம, ஜன்னல் வெளிச்சத்தில" எண்டு வொயிஸ் போட்டா. அனுப்பினன். பத்து நிமிசத்தில அந்தப் போட்டோவிலயே சிவப்புல வட்டம் போட்டுத் திருப்பி வந்துது, கன்னத்து எலும்பின்ர மேல்பக்கம், மூக்குத்தண்டில மெல்லிசாக் கோடு, மேலுதட்டுக்கு மேல இருக்கிற அந்தப் பள்ளம், புருவத்துக்குக் கீழ, கண்ணின்ர உள்மூலை. "தங்கச்சி மாநிறம் அக்கா, வெள்ளி மினுக்கம் போட்டா சாம்பல் பூசினமாதிரி இருக்கும், பொன், செம்புக் கலர்தான் எடுக்கும்" எண்டா. எல்லாம் சரியான கதை! எனக்கும் தெரிஞ்ச விசயம்தான், அதாலதான் இன்னும் நம்பினன், தொழில் தெரிஞ்ச ஆள் ஏமாத்தமாட்டா எண்டு. கேஷ் ஒன் டெலிவரி கேட்டன், "விலை கூடின சாமான் அக்கா, காசு போட்டாத்தான் அனுப்பேலும்" எண்டா, உடனயே 14,500ஐப் போட்டு ஸ்லிப்பையும் அனுப்பிட்டன்.

எழுத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் கூரியர் வந்துது. திறந்தா நாலு கலர்ல ரெண்டு வெள்ளி, ஒண்டு ஊதா மினுக்கம், பொன் எண்டு இருந்தது ஒண்டே ஒண்டு. நல்ல ஹைலைட்டர்ல மைக்கா எண்ட மினுங்கிற கனிமம் மாப்போல அரைபட்டிருக்கும், தோலே ஈரமா மினுங்கிறமாதிரித் தெரியும். இது புறங்கையில தேய்ச்சா ஒவ்வொரு மணியும் தனித்தனியாத் தெரியுது, சாமத்தியவீட்டுத் தட்டுக்கு ஒட்டுற கிளிட்டர் இருக்கெல்லே, அதேதான். பெயின்ட் மணம் வேற. பெட்டியில ஒரு பேச் (batch) நம்பர், அதாவது எந்தத் தொகுதியில செய்தது எண்டு காட்டுற நம்பர், பலட்டின்ர பின்பக்கத்தில வேற நம்பர். அதுக்குப் பிறகும் ஒரு நப்பாசையில என்ர காதுக்குப் பக்கத்தில கொஞ்சம் பூசிப் பாத்தன், விடியச் சிவந்து கடிக்குது. கடவுளே, தங்கச்சியின்ர முகத்தில போட்டிருந்தா? காலமை ஓடிப்போய் காலி வீதியில ஒரு கடையில சின்ன கிரீம் ஹைலைட்டர் ஒண்டு வாங்கித்தான் சமாளிச்சன்.

மெசேஜ் போட்டா முதல்ல "அது உங்கட வீட்டு லைட்டிங் அக்கா" எண்டு பதில். பிறகு "சப்ளையரிட்ட கேக்கிறன்". பிறகு "திறந்த சாமான் திருப்பி எடுக்கிறேல்ல". கோல் எடுத்தா ஒரு ஆம்பிளைக் குரல், "அவா வெளியில, பிறகு எடுங்கோ". ரெண்டு நாள் இதே கதை. மூண்டாம் நாள் பிளொக்! வங்கில கேட்டா, போட்ட காசை அவையின்ர சம்மதம் இல்லாம திருப்பேலாதாம். 14,500, என்ர சம்பளத்தில மிச்சம் பிடிச்சு வச்ச காசு.

எப்பிடி வாங்கோணும் எண்டு விளக்கமா எழுதத்தான் இருந்தனான், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. முதல்ல காசு போடாதேங்கோ. சீல் பிரிக்க முதல் வீடியோ எடுங்கோ. பெட்டி நம்பரும் உள்நம்பரும் ஒண்டா எண்டு பாருங்கோ. முகத்தில போட முதல் காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி ஒரு நாளாவது விட்டுப் பாருங்கோ. கிரீம் ஹைலைட்டர் எண்டா பவுடருக்கு முதல் போடுங்கோ, கொழும்பு வேர்வைக்கு மேல பவுடர் மினுக்கம் திட்டுத்திட்டா நிக்கும். அவ்வளவுதான். நாளைக்கு 1977 எண்ட நம்பருக்கு கோல் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில முறைப்பாடு குடுக்கப்போறன், ஸ்லிப்பும் சாட்டும் பத்திரமா வச்சிருக்கிறன்.

ஆனா இதை எழுத வச்சது காசு மட்டும் இல்ல. நேற்று மச்சாளின்ர போன்ல அந்தப் பேஜைப் பாத்தன். தங்கச்சியின்ர முகம், அதே ஜன்னல் வெளிச்சம், அதே சிவப்பு வட்டம், கீழ "எங்கட ஹப்பி கஸ்டமர்" எண்டு எழுதியிருக்கு. மச்சாளும் நானும் ரிப்போர்ட் பண்ணிட்டம், இன்னும் அப்பிடியே கிடக்கு. கெதியா எடுக்க வைக்க வேற வழி தெரிஞ்சாக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ. தங்கச்சிக்கு நான் இன்னும் சொல்லேல்ல.