வாடகைக்கு ஓட்ட ரோட்டவேட்டரா, டிப்பர் டிரெய்லரா?

சொந்த டிராக்டர் இருக்கிறது, நம் காட்டு வேலை போக மீதி நாளில் வாடகைக்கு ஓட்டலாம், ஆனால் சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரா, பாரம் ஏற்றிச் சாய்த்துக் கொட்டும் டிப்பர் டிரெய்லரா, முதலில் எதை வாங்குவது என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலர் குழம்புகிறார்கள்.

செலவு
ரோட்டவேட்டர்: விலை குறைவு, வேளாண் பொறியியல் துறையில் மானியமும் கேட்கலாம்.
டிப்பர்: விலை கூடுதல்.

தேய்மானம்
ரோட்டவேட்டர்: நம் செம்மண்ணில் கல் அதிகம், கத்தி சீக்கிரம் மழுங்கும். ஒவ்வொரு காடு முடிந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து கத்தி போல்ட்டுகளைப் பாருங்கள், கொடியும் வேரும் ரோட்டரில் சுற்றியிருந்தால் அறுத்து எடுங்கள், விட்டால் ஆயில் சீல் போய்விடும்.
டிப்பர்: டயர், ஹைட்ராலிக் ஹோஸ், அவ்வளவுதான்.

வேலை
ரோட்டவேட்டர்: மழை பெய்து ஈரம் நிற்கிற சில நாளில் கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், அப்புறம் அடுத்த மழைதான்.
டிப்பர்: எரு, கரும்பு, செங்கல் என்று வருடம் முழுக்க ஏதாவது இருக்கும்.

இதில் ஒன்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விவசாயப் பயன்பாட்டுக்குப் பதிவான டிராக்டரில் வாடகைக்குச் செங்கல், எம்சாண்ட் ஏற்றினால் அபராதம் மட்டுமில்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரிக்கலாம். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும்.

45 எச்பிக்கு மேல் வண்டி, நீங்களே ஓட்டுவீர்கள், சுற்றிலும் மானாவாரி நிலம் என்றால் ரோட்டவேட்டர் போதும். வணிகப் பதிவு செய்து, நம்பகமான டிரைவரும் கிடைத்தால் டிப்பர் வாங்குங்கள். இரண்டையும் ஒரே கடனில் சேர்த்து வாங்காதீர்கள், மழை தவறினாலும் தவணை நிற்காது.