வேண்டாம் என்றார்கள், கட்டினார்கள், இடித்தார்கள்: ரொறன்ரோவின் நகரமண்டபங்கள்

குயின் வீதியும் பே வீதியும் சந்திக்கும் முனையில் நின்று வடக்கே பாருங்கள். வலப்பக்கம் 1899இல் திறக்கப்பட்ட பழைய நகரமண்டபம், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு, கல்லிலே செதுக்கிய முகங்களோடு நிற்கிறது. இடப்பக்கம் 1965இல் திறக்கப்பட்ட புதியது: ஒன்றையொன்று நோக்கி வளைந்த இரண்டு கோபுரங்கள், நடுவில் வட்டமான சபை மண்டபம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் கூட்டிப்போய்ப் படம் எடுத்துக்கொடுக்கும் இடம் அது. அந்த முனையில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களும் இருக்கின்றன. ஒன்று, 1955இல் மக்கள் வேண்டாம் என்றதால் எழும்பாமலே போன மண்டபம். மற்றது, மண்டபத்துக்காக இடிக்கப்பட்ட குடியிருப்பு.

யாழ்ப்பாணத்தில் போரில் அழிந்த நகரமண்டபத்துக்கு 2019 செப்டெம்பரில் பழைய இடத்திலேயே அடிக்கல் நாட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். பழைய இடம்தான் சரியா, மாநகர சபை இத்தனை காலம் இயங்கிய நல்லூரே போதாதா? பழைய சாயலில் கட்டுவதா, புதுச் சாயலிலா? இடையில் யாராவது ஒருவர், "ரொறன்ரோவைப் பாருங்கள், எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்" என்பார். ஊரில் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா உடனே, "அழகு இருக்கட்டும், யாரைக் கேட்டுக் கட்டினார்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ரொறன்ரோவின் மண்டபங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கல்லுப் பெட்டியா, வளைந்த கோபுரமா

பழைய மண்டபத்தைக் கட்டியவர் ஈ. ஜே. லெனக்ஸ். கட்டி முடிக்கப் பத்து ஆண்டு சென்றது. செலவு 25 இலட்சம் டொலரையும் தாண்டியது. சபைக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. கட்டடத்தில் அவருடைய பெயரைப் பொறிக்கச் சபை மறுத்தபோது, கூரை விளிம்புக்குக் கீழே எழுத்தெழுத்தாகத் தன் பெயரைச் செதுக்கி வைத்துவிட்டார். இன்றும் அண்ணாந்து பார்த்தால் வாசிக்கலாம். ஆனால் 1950களில் நகரம் அந்தக் கட்டடத்துக்குள் அடங்கவில்லை. புதிது வேண்டும் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து இருந்தது. எப்படிப்பட்டது என்பதில்தான் பிளவு.

முதல் தெரிவு 1955இல் வந்தது. உள்ளூரில் பேர்பெற்ற மூன்று கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து வரைந்த திட்டம். சுண்ணாம்புக்கல் போர்த்திய, இருபுறமும் ஒத்த, அலுவலகப் பெட்டி. மதிப்பீடு ஒரு கோடியே 80 இலட்சம் டொலர். இந்தத் திட்டத்துக்கும் நியாயம் இருந்தது. வரைந்தவர்கள் நகரத்துக்கு நன்கு பழக்கமானவர்கள், கட்டும் முறை தெரிந்த முறை, செலவு கைமீறிப் போகும் அச்சம் குறைவு. அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு இந்த வாதத்தின் கனம் புரியும். எதிர்ப்பு முதலில் ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்களிடமிருந்து வந்தது. வால்ட்டர் குரோப்பியஸ், பிராங்க் லொயிட் ரைட் போன்ற பெருங்கலைஞர்களும் கடுமையாகச் சாடினார்கள். அந்த ஆண்டு டிசெம்பர் வாக்கெடுப்பில் மக்கள் திட்டத்தைத் தோற்கடித்தார்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கதை முழுவதிலும் மதிக்கத்தக்க நிகழ்ச்சி அந்தத் தோல்விதான். மண்டபம் தேவை என்று தெரிந்தும், "இது அல்ல" என்று சொல்லும் துணிவு ஒரு நகரத்துக்கு இருந்தது. சபையும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

அடுத்து வந்தது திறந்த போட்டி. நகரபிதா நேதன் பிலிப்ஸ், அந்தப் பதவிக்கு வந்த முதல் யூதர். பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் ஆர்தர் போட்டிக்கு ஆலோசகரானார். 42 நாடுகளிலிருந்து 500க்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்து குவிந்தன. பேர்பெற்ற கட்டடக்கலைஞர்களான ஈரோ சாரினென், எர்னெஸ்டோ ரொஜர்ஸ் ஆகியோரும் நடுவர் குழுவில் இருந்தார்கள். எட்டுத் திட்டங்களை இரண்டாம் சுற்றுக்கு எடுத்து, 1958 செப்டெம்பரில் பின்லாந்துக்காரரான வில்ஜோ ரெவெலின் திட்டத்தைத் தேர்ந்தார்கள். நடுவர்களிடமும் ஒருமனம் இருக்கவில்லை. அலுவலகம் என்ற கண்ணால் பார்த்தால் குறை சொல்ல இடமுண்டு. 27 மாடி ஒரு பக்கம், 20 மாடி மறுபக்கம். ஒரு கோபுரத்திலிருந்து மற்றதற்குப் போகக் கீழே இறங்கி ஏற வேண்டும். வளைந்த கோபுரங்களின் முதுகுகள் சாளரமில்லாத கொங்கிரீட்டு. வடக்கேயிருந்து வருபவருக்கு நகரமண்டபம் முதுகைத்தான் காட்டுகிறது. செலவும் மூன்று கோடி டொலரைத் தாண்டிப் போனது. ரெவெல் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 1964 நவம்பரில் இறந்துவிட்டார். கட்டடம் 1965 செப்டெம்பர் 13இல் திறக்கப்பட்டது.

அப்படியிருந்தும் நான் ரெவெலின் பக்கம்தான் நிற்பேன். காரணம் கோபுரத்தின் அழகு மட்டுமல்ல. என் மச்சாளின் பதிவுத் திருமணம் அங்கேதான் நடந்தது. நேரம் வரும்வரை கீழ்த்தளத்தில் நின்றோம். அங்கே ஒரு சுவர் முழுவதும் ஆணிகளால் ஆன சித்திரம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளை அடித்து டேவிட் பாட்ரிஜ் செய்தது. என் மகள் ஆணித் தலைகளின் மீது விரல்களை ஓட்டிக்கொண்டே சுவரின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நடந்தாள். காவலாளி பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்தால் சதுக்கத்தின் நீர்த்தடாகம் குளிருக்கு உறைந்து சறுக்குத் திடலாகியிருந்தது. பட்டுச்சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை போட்ட மணமகள் அதன் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். பிழைப்புக்காக வந்த எங்களை, அலுவல் எதுவும் இல்லாமல் அரச கட்டடம் ஒன்றின் முன்னால் நிற்கவைத்தது அந்தச் சதுக்கம். 1955இன் பெட்டி இதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எலிசபெத் வீதி

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். 1955இன் வடிவத்தை மக்களைக் கேட்டுத்தான் கைவிட்டார்கள். இடத்தை?

மண்டபமும் சதுக்கமும் இருக்கும் நிலம் வெறுங்காணி அல்ல. "வார்ட்" என்று அழைக்கப்பட்ட குடியிருப்பின் தென்பகுதி அது. அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள், பஞ்சத்துக்குப் பின் வந்த அயர்லாந்துக்காரர், கிழக்கு ஐரோப்பிய யூதர், இத்தாலியர் என்று, நகரத்துக்கு வந்தவர்கள் முதலில் கால் வைத்த மண் அது. கடைசியாக எலிசபெத் வீதியில் சீனர்கள் கடையும் உணவகமும் சலவைச் சாலையும் சங்கக் கட்டடமுமாக வேரூன்றினார்கள். நகரத்தின் முதல் சைனா ரவுண் அது.

அந்த நிலத்தில் நகரச் சதுக்கம் அமைப்பதற்கான திட்டம் 1940களிலேயே உருவாகிவிட்டது. அக்காலத்துச் சீனரின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1923இல் வந்த சட்டம் சீனர் கனடாவுக்குள் வருவதையே ஏறக்குறைய தடுத்துவிட்டது. 1947வரை அது நீடித்தது. எலிசபெத் வீதியில் இருந்த ஆண்கள் பலர் மனைவி பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகப் பார்க்காமல் தனியாக வாழ்ந்தவர்கள். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் 1947இல்தான் முழுமையாகக் கிடைத்தது. "சேரி" என்று சொல்லிவிட்டால் இடிப்பது எளிது. நகரம் காணிகளைச் சுவீகரித்தது. சைனா ரவுணின் மூன்றில் இரண்டு பங்கு இடிந்து போனது. மிஞ்சியவர்கள் டண்டாஸ் வீதிக்கும், பின்னர் மேற்கே ஸ்படைனாப் பக்கமும் நகர்ந்தார்கள்.

1960களின் இறுதியில் மிச்சத்தையும் கேட்டு வந்தபோது, ஜீன் லம் என்ற உணவக உரிமையாளர் முன்நின்று சைனா ரவுணைக் காக்கும் குழுவை நடத்தி, டண்டாஸ் வீதியை இடிக்க விடாமல் தடுத்தார். பின்னர் 1976இல் கனடா அரசு அவருக்கு உயர் விருது கொடுத்தது. அதே ஆண்களும் பெண்களும் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்து வந்தவன் என்பதால் இந்தப் பகுதியை என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை. என் மகள் விரலை ஓட்டிய அந்தச் சுவருக்கு வெளியே யாரோ ஒருவருடைய கடைவாசல் இருந்தது. சதுக்கம் வேண்டும் என்று சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: இடத்தெரிவில் ரொறன்ரோ செய்தது பிழை. வடிவத்துக்கு ஊர் முழுவதையும் கேட்டவர்கள், அந்த மண்ணில் குடியிருந்தவர்களையும் கேட்டிருக்கலாம்.

பழையதை என்ன செய்வது

இதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. 1960களின் நடுப்பகுதியில் ஈட்டன்ஸ் நிறுவனம் பெரிய வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டபோது, லெனக்ஸின் மண்டபத்தை இடித்துவிட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் வைத்திருக்கலாம் என்றார்கள். பழைய நகரமண்டபத்தின் நண்பர்கள் என்ற பெயரில் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. பத்து ஆண்டு கழித்து அந்த வளாகம் மண்டபத்தைத் தொடாமலே திறக்கப்பட்டது. இடிக்காமலும் கட்ட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பழைய கட்டடம் பல காலம் நீதிமன்றமாகப் பயன்பட்டது.

ஸ்காபரோவின் வெள்ளைப் படிகள்

சித்தப்பாவுக்குப் பிடித்தது இவை எதுவுமல்ல. அவருடைய வாக்கு ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கு.

ரெவெலின் மண்டபத்துக்குப் பிறகு எட்டாம் ஆண்டில், 1973இல், எலிசபெத் மகாராணி அதைத் திறந்துவைத்தார். புறநகராக வளர்ந்துகொண்டிருந்த ஸ்காபரோ தனக்கென்று கட்டிக்கொண்ட மண்டபம். பெரிய சந்தைக் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே, மரஞ்செடிகளுக்கு அருகில், படிப்படியாக ஏறும் வெள்ளைக் கட்டடம். வரைந்தவர் ரேமண்ட் மொரியாமா. வான்கூவரில் பிறந்த ஜப்பானியக் கனேடியர்; இரண்டாம் உலகப் போரின்போது தன் இனத்தவரோடு சேர்த்து முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். அந்தச் சிறுவன் வளர்ந்து கட்டிய மண்டபத்தில் உள்ளே போனதும் மாடிகள் எல்லாம் நடுமுற்றத்தை நோக்கித் திறந்தே இருக்கின்றன. வேலை செய்பவர்களைக் கீழிருந்தே பார்க்கலாம்.

ஒரு பெப்ரவரி மாதம் சொத்துவரி கட்டச் சித்தப்பாவோடு போயிருந்தேன். சப்பாத்திலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியது. மேலே கூரைக் கண்ணாடியால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கருமபீடத்தில் ஐந்து நிமிட வேலை. முடிந்த பிறகும் அவர் எழும்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கச்சேரியில் சனம் வெயிலில் நின்றே அலுவல் பார்த்தது. இங்கே இருக்க வைத்திருக்கிறார்கள்" என்றார். அவருடைய அளவுகோல் அதுதான். வந்தவருக்கு இருக்க இடம் உண்டா, யாரிடம் போவது என்று கண்ணுக்குத் தெரிகிறதா, வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் வர முடியுமா.

அந்த அளவுகோலில் மொரியாமாவின் மண்டபம் ரெவெலினதை வெல்கிறது. குறையும் உண்டு. ஸ்காபரோவின் நடுவே கார் உள்ளவரை மனதில் வைத்துத் தெரிந்தெடுத்த இடம் அது. 1985இல் வந்த இலகு ரயில் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்ட பிறகு அந்தப் பாதையையும் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இப்போது பஸ்தான்.

அதைவிடப் பெரிய குறை கட்டடத்தில் இல்லை. 1997இல் ஸ்காபரோ உட்பட ஆறு மாநகரசபைகளை ஒன்றாக்குவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். மாகாண அரசு கேட்கவில்லை. 1998 ஜனவரி முதலாம் திகதி ஸ்காபரோ மாநகரம் இல்லாமல் போனது. மண்டபம் இருக்கிறது, கருமபீடம் இருக்கிறது, உள்ளூர்க் குழுவும் அங்கே கூடுகிறது. வரவு செலவுத் திட்டத்தை முடிவுசெய்யும் நாற்காலிகள் குயின் வீதிக்குப் போய்விட்டன. 1955இன் "வேண்டாம்" மதிக்கப்பட்டது, 1997இன் "வேண்டாம்" மதிக்கப்படவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு எதை எடுத்துப்போவது

இடத்தைப் பொறுத்தவரை நான் பழைய இடத்தின் பக்கம். கோட்டை, பொதுநூலகம், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் அதன் சுற்றிலேயே இருக்கின்றன. பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். தீவுப்பகுதியிலிருந்து வருபவருக்கும் வடமராட்சியிலிருந்து வருபவருக்கும் அங்கே இறங்குவதுதான் வழக்கம். எல்லாவற்றிலும் மேலாக, அங்கே மண்டபம் எழுவதற்கு யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவால் சொல்ல முடியாத சொல் அது.

சாயலைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் இந்த மண்டபத்தைப் பற்றிய ஒவ்வொரு முடிவின் வரைபடமும் பஸ் நிலையத்தில், சந்தையில், நூலக வாசலில் மக்கள் நின்று பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வழியும், சொன்னால் கேட்கப்படும் என்ற உறுதியும் வேண்டும். முன்னால் ஒரு திறந்த சதுக்கம் வேண்டும். பனி விழாத ஊர், சறுக்குத் திடல் தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நிழல் விழும் திண்ணை போதும்.

சென்ற முறை இதையெல்லாம் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பிறப்புப் பதிவுக்கும் வரி கட்டவும் வருகிற சனத்துக்கு உள்ளே எத்தனை கதிரை போடப் போகிறார்கள் என்று வரைபடத்தில் இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்றார்.