85ம் 55-250ம்: மட்டக்களப்புப் பக்கம் படம் எடுக்கிறவனுக்கு எந்த லென்ஸ்

கலியாண சீசன் தொடங்க முதல் பொடியன்மார் மெசேஜ் போடத் தொடங்கிருவாங்க, "அண்ண, கமராவோட வந்த கிட் லென்ஸ் அலுத்துப் போச்சு, ஆக்களையும் எடுக்கோணும் குருவியையும் எடுக்கோணும், ஒரு லென்ஸ் சொல்லுங்க" எண்டு. ஒரு லென்ஸ்ல ரெண்டும் செய்யலாம்தான், ஆனா ரெண்டும் அரைகுறையா வரும். நான் பாவிக்கிறது ரெண்டு, கெனன் 85 எம்எம் எஃப் 1.8 யூஎஸ்எம், மத்தது 55-250 எஸ்டிஎம் (எஃப் எண்டது லென்ஸ்ட வாய் திறக்கிற அளவு, நம்பர் குறையக் குறைய கூடத் திறக்கும்; யூஎஸ்எம், எஸ்டிஎம் எண்டது ஃபோக்கஸ் மோட்டார்ட பேர்). ரெண்டுமே பழைய சாமான், 85 வந்தது 1992ல, மத்தது 2013ல, ரெண்டையும் செக்கண்ட் ஹேண்ட்லதான் எடுத்தன். என்ட கமரா பொடி கெனன் 80டி, க்ரொப், அதாவது ஃபுல் ஃப்ரேமவிட சின்ன சென்சர், அதால கீழ சொல்லுற கணக்கெல்லாம் 1.6 க்ரொப்புக்கு. ஃபுல் ஃப்ரேம் வச்சிரிக்கிற ஆக்களுக்கு 55-250 பொருந்தாது, அது க்ரொப்புக்கெண்டே செஞ்சது.

யூடியூப்ல லென்ஸ் பத்திக் கதைக்கிறவங்க ஷார்ப்பு, பொக்கே (பின்னால மங்கிப் போற அழகு) எண்டுதான் தொடங்குவாங்க. நான் முதல்ல கேக்கிறது நீங்க எவ்வளவு தூரத்துல நிக்கப்போறீங்க எண்டு. அது தெரிஞ்சா லென்ஸ் தானா முடிவாகிரும்.

85ஐ எடுங்க. தலையும் தோளும் மட்டும் வாற மாதிரி கமராவ நிமித்திப் புடிச்சா, ஆளுக்கும் உங்களுக்கும் இடையில ரெண்டேகால் மீட்டர் மட்டுல வரும். இந்தத் தூரம்தான் இந்த லென்ஸ்ட பெறுமதியே. மூஞ்சிட வடிவம் மாறுறது லென்ஸால இல்ல, நாம நிக்கிற தூரத்தாலதான், கிட் லென்ஸ 18ல வச்சு மூஞ்சிக்குக் கிட்டப் போனா மூக்கு முன்னால வந்து காது ரெண்டும் பின்னால ஓடிரும், அதே ஆள ரெண்டு மீட்டர் தள்ளி நிண்டு எடுத்தா ஆள் ஆள் மாதிரியே இரிப்பார். இன்னொண்டும் இரிக்கு, நம்மட ஆக்கள் கமரா மூஞ்சிக்குக் கிட்ட வந்தா விறைச்சுப் போயிருவாங்க. கொக்கட்டிச்சோலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில ஒரு பெத்தா வெத்திலை இடிச்சிட்டு இருந்தா, படம் எடுக்கட்டா எண்டு கேட்டதுக்கு "எடு, எடு, நான் வேலையப் பாக்கிறன்" எண்டிட்டா. நான் முத்தத்துல நிண்டன், பெத்தா விறாந்தையில, கொஞ்ச நேரத்துல நான் இரிக்கிறதயே மறந்திட்டா. பாக்கு உரல்ல இரிந்து கண்ண எடுத்து ரோட்டால போற ஆரையோ பாத்த செக்கன்ல அடிச்ச படம், கண் இமை மயிர் ஒவ்வொண்டும் எண்ணலாம், பின்னால இரிந்த நீலக் கதவு அப்படியே கரைஞ்சு போச்சு. ஃபோக்கஸ் மோட்டார் சத்தமே இல்ல, நல்ல வேகம், இத்தன வருசப் பழைய டிசைன் எண்டு சொன்னா நம்ப மாட்டீங்க.

ஆனா குறை இல்லாம இல்ல. எஃப் 1.8ல அந்தத் தூரத்துல ஃபோக்கஸ் ஆழம், அதாவது முன்னுக்குப் பின் தெளிவா வாற அளவு, ஒரு 5 சென்டிமீட்டர்தான், ஆள் கொஞ்சம் முகத்தத் திருப்பினா ஒரு கண் தெளிவு மத்தக் கண் மங்கல், அதால நான் பெரும்பாலும் 2.8லதான் வைப்பன். மத்தது ஊதாக் கோடு. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பெல்லாம் ஊதா அடிக்கும், பொம்புளைட தங்க நகையில லைட் பட்டா, வெள்ளை வேட்டிட ஓரத்துல, வாவித் தண்ணி மினுங்கிற இடத்துல. கல்லடிக் கடற்கரையில விடியக்காலம சூரியன் கடல் பக்கத்தால வரும், கடல் பின்னால வரோணும் எண்டு ஆள நிக்க வச்சா வெளிச்சம் முழுக்கப் பின்னாலதான், அந்த நேரம் 1.8ல அடிச்சுப் பாருங்க தலைமயிரச் சுத்தி ஊதா நூல் கட்டின மாதிரி. கொம்பியூட்டர்ல லைட்ரூம் சொஃப்ட்வெயரால எடுக்கலாம், 2.8க்கு மூடினாலே முக்காவாசி போயிரும். இல்லாட்டிப் பின்னேரம் வாவிப் பக்கம் போங்க, பொழுது வாவிக்கு அங்கால விழும், ஆள வாவிக்கு முதுகு காட்டாம பக்கவாட்டா நிப்பாட்டினா இந்த லென்ஸுக்கு அதவிட நல்ல வெளிச்சம் இல்ல.

மண்டபத்துக்குள்ள 85 சரியான கரைச்சல். முழு ஆள் வரோணும் எண்டா 25 அடி பின்னால போகோணும், சாமத்தியவீட்டுல 25 அடி பின்னால போனா உங்களுக்கும் புள்ளைக்கும் இடையில மாமி வருவா, ஐஸ்கிரீம் கப்போட பொடியன் வருவான், வீடியோக்காரன்ட லைட் ஸ்டாண்ட் வரும், அந்தத் தட்டத்த அங்கால வையுங்க எண்டு ஆரோ கத்துவாங்க. அங்க 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வேணும், அதுல முழு ஆளுக்கு 15 அடி போதும். 160 கிராம்தான் பாரம், பொக்கட்டுக்குள்ள கிடக்கும், விலையும் கெனன்ல ஆகக் குறைஞ்ச கூட்டம். பழைய 50 எம்எம் டூ எண்டு ஒண்டு பிளாஸ்ரிக் மவுண்டோட இன்னும் சந்தையில ஓடுது, அத விட்டிட்டு எஸ்டிஎம்மையே பாருங்க, மவுண்ட் உலோகம். ஒண்டு மட்டும் கவனம், ஃபோக்கஸ் பண்ணேக்க முன் குழாய் வெளிய வரும், வெளிய நிக்கிற நேரம் எங்கயும் இடிபடக் கூடாது. காசு ஒண்டுக்குத்தான் இரிக்கு, வேலை முழுக்க வீட்டுக்குள்ளயும் மண்டபத்துலயும்தான் எண்டா 85ஐ மறந்திட்டு 50ஐ வாங்குங்க, யோசிக்கவே தேவல்ல.

இப்ப 55-250. இதப் பத்தி ஒருத்தரும் பெருமையாக் கதைக்க மாட்டாங்க, உடம்பு பிளாஸ்ரிக், 375 கிராம், பாத்தா விளையாட்டுச் சாமான் மாதிரி. ஆனா என்ட காடு, குளம், வாவிப் படங்கள்ல கூடுதலானது இதாலதான். வாங்கேக்க பேர வடிவா வாசிக்கோணும், இதே 55-250க்கு ஐஎஸ், ஐஎஸ் டூ எண்டு பழைய ரெண்டு இரிக்கு, உங்களுக்கு வேண்டியது எஸ்டிஎம் எண்டு எழுதினது. எஸ்டிஎம்ல ஃபோக்கஸ் பண்ணேக்க முன் கண்ணாடி சுத்தாது, பழசுல சுத்தும். அதுல என்ன இரிக்கு எண்டு கேட்டா, போலரைசர், லென்ஸுக்கு முன்னால மாட்டித் திருப்புற ஃபில்டர். வாவியில தோணிக்காரர் வலை வீசேக்க தண்ணிட மினுக்கத்த வெட்ட போலரைசரத் திருப்பி வைப்பீங்க, லென்ஸ் ஃபோக்கஸ் தேடி முன்னால சுத்தினா திருப்பின திருப்பெல்லாம் போச்சு. இன்னொரு சந்தோசம், 85, 55-250, கிட் 18-55 மூணுட ஃபில்டர் அளவும் 58 எம்எம், நல்ல போலரைசர் ஒண்டு வாங்கினா மூணுக்கும் மாத்தி மாத்திப் போடலாம்.

கடைக்காரர் சில பேர் 75-300ஐக் கொண்டுவந்து "தம்பி, இது 300 வரைக்கும் இழுக்கும்" எண்டு காட்டுவாங்க. வேணாம். அதுல கை நடுக்கத்தப் புடிக்கிற ஸ்டெபிலைசர் இல்ல, 300ல படம் சவர்க்காரத் தண்ணிக்குள்ளால பாத்த மாதிரி, முன் கண்ணாடியும் சுத்தும். அந்த 50 எம்எம் இழுவைக்காக மத்த எல்லாத்தையும் விட்டுக்குடுக்கிறதுல அர்த்தமில்ல.

கல்லோயா தேசியப் பூங்காவுக்கு இங்கினியாகலயால போட்டுல போற ஆக்களுக்கு 55-250 அளவெடுத்துத் தச்ச லென்ஸ். அங்க இரிக்கிற சேனநாயக்க சமுத்திரம் எண்ட பெரிய குளத்துக்குள்ள தீவுக்குத் தீவு யானை நீந்துறதப் பாக்கலாம், கரையில 80 மீட்டர் தள்ளி நிக்கிற யானை 250ல படத்துட அரைவாசி உயரத்துக்கு வரும், மிச்சத்துல தண்ணியும் மலையும், அதுதான் வேணும், 600 எம்எம் லென்ஸ்ல எடுத்தா யானை முழுசா அடங்காது. போட்டுல ஸ்டெபிலைசர நம்பி மெதுவான ஷட்டர்ல அடிக்காதீங்க, அது உங்கட கை நடுக்கத்தத்தான் புடிக்கும், போட் ஆடுறதையும் யானை அசையிறதையும் புடிக்காது. ஷட்டர செக்கன்ல ஆயிரத்துல ஒண்டுல வச்சிட்டு ஐஎஸ்ஓவ (சென்சர் வெளிச்சத்தக் கூட்டிக் காட்டுற அளவு) ஏற விடுங்க.

குருவி எண்டு வந்தா கதை வேற. 15 மீட்டர்ல கம்பியில குந்தியிரிக்கிற வெண்மார்பு மீன்கொத்தி 28 சென்டிமீட்டர், 250ல படத்துட உயரத்துல மூணுல ஒரு பங்குதான் வரும், வெட்டி எடுத்து ஃபோன்ல பாக்கக் காணும், பெரிசா பிரிண்ட் போடக் காணாது. குமனைத் தேசியப் பூங்காவுல இன்னும் மோசம், அங்க ஜீப்பால இறங்க ஏலா, வில்லு எண்ட நீர்நிலைக்கு அங்கால நாரை 100 மீட்டர்ல நிண்டா 250ல ஆறுல ஒண்டு, 600லதான் ஒரு படமெண்டு சொல்லலாம். கூட்டாளி ஒருத்தன்ட சிக்மா 150-600 கொன்டெம்பரறி லென்ஸ இரவல் வாங்கிட்டு, குமனைக்குக் கிட்ட உகந்தைப் பக்கம் போயிரிந்தன். கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, கையில வச்சு ஒரு பாட்டுக் கேக்கிற நேரம் தாங்காது, தலகாணி உறைக்குள்ள அரிசியப் போட்டுக் கட்டி ஜீப் கம்பியில வச்சு அதுக்கு மேல லென்ஸக் கிடத்தி, ட்ரைவர் அண்ணைட்டச் சொல்லி எஞ்சினையும் நிப்பாட்டித்தான் அடிக்கோணும். 600ல எஃப் 6.3, மரத்துக்குக் கீழ விடியக்காலம ஐஎஸ்ஓ 3200 சர்வசாதாரணம். ஆனா விடிஞ்சு ஏழு மணி மட்டுல நல்ல வெயில்ல அது தந்த சங்குவளை நாரைட சிறகு விவரம் 55-250 கனவிலயும் தராது, அத ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

அதுக்காக ஓடிப்போய் வாங்காதீங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பத்து மணிக்குப் பிறகு வாவிக்கு அங்கால பாருங்க, காத்தே நெளியும், அந்தக் கானலுக்குள்ளால எந்த லென்ஸ வச்சாலும் கஞ்சிதான், தூரம் கூடக் கூட மோசம். லட்சக்கணக்குல குடுத்து 600 வாங்கிட்டு "சொஃப்டா வருது, சேர்விஸ் குடுக்கட்டா" எண்டு கேட்டவங்களும் இரிக்காங்க, லென்ஸ்ல பிழை இல்ல, மத்தியானம் படம் எடுத்ததுதான் பிழை. குமனைக்கு வருசத்துல ஒருக்காப் போற ஆள் எண்டா வாடகைக்கு எடுங்க, இல்லாட்டி என்ன மாதிரிக் கூட்டாளியப் புடிங்க.

விலை இதுல எழுதல்ல, எழுதி முடிய முதல் மாறிரும். ஆனா செக்கண்ட் ஹேண்ட் எடுக்கிற ஆக்கள் கட்டாயம் டோர்ச் கொண்டு போங்க. நான் முதல்ல பாத்த 85, விளம்பரத்துல "புதுசு மாதிரி" எண்டு போட்டிரிந்தாங்க, வெளிய ஒரு கீறல் இல்ல, மூடியும் பெட்டியும் எல்லாம் இரிக்கு. பின்பக்கத்தால ஃபோன் லைட்ட அடிச்சு முன்பக்கத்தால சரிச்சுப் பாத்தா உள் கண்ணாடிட ஓரத்துல சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிரிக்கு, பங்கஸ். "அது தூசு தம்பி, துடைச்சாப் போயிரும்" எண்டார் ஆள். தூசு எங்க கிளை விட்டு வளருது? கும்பிட்டிட்டு வந்திட்டன். நம்மட பக்கம் மாரி காலத்துல ஈரம் அப்படி, கமரா பேக்குக்குள்ள பூட்டி அலுமாரியில வச்ச லென்ஸ்ல பங்கஸ் வராட்டித்தான் புதினம். காத்துப் போகாத பிளாஸ்ரிக் டப்பா, உள்ளுக்க சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்டு, அது 40க்கும் 50க்கும் இடையில நிண்டாச் சரி. அரிசிக்குள்ள போடுற வேலைய விடுங்க, மாத்தூள் போய் ஃபோக்கஸ் வளையத்துக்குள்ள குந்தும். இந்த ரெண்டு லென்ஸுக்கும் மழை, உப்புத்தண்ணிக்கு எதிரா ஒரு சீலும் இல்ல, கடற்கரையால வந்தா ஈரத்துணியால வெளிய துடைச்சிட்டுத்தான் உள்ளுக்க வைக்கோணும்.

நிக்கோன் ஆக்கள் கோவிக்காதீங்க, உங்களுக்கு 85 எஃப் 1.8ஜியும் ஏஎஃப்-பி 70-300 விஆரும் இதே வேலை செய்யும், ஆனா டி3100, டி5100 மாதிரிப் பழைய பொடியில ஏஎஃப்-பி ஃபோக்கஸ் ஆகாது, கடையில உங்கட பொடியிலயே மாட்டிப் பாத்திட்டுக் காசக் குடுங்க. கெனன் 85 எடுக்கிற ஆக்கள் ஹூட் பெட்டியோட வராது, விக்கிறவர்ட்ட இரிந்தா அதையும் சேத்துப் பேசுங்க, பிறகு தனியாத் தேடினா கொழும்புக்குத்தான் ஆள் அனுப்போணும்.