மாட்டுக் கொட்டகைக்கு ரப்பர் மேட்: டெல்டா மழைக்குச் சரிப்படுமா?

மன்னார்குடி பக்கம் இப்போது புதுக் கொட்டகை போடுகிறவர்கள் எல்லாரும் சிமெண்ட் தரைமேல் ரப்பர் மேட் விரிக்கிறார்கள். எங்கள் ஜெர்சி கலப்பு மாடுகளுக்கும் ஏழடிக்கு நாலடியில் கனமான மேட் போட்டு, ஒரு அடைமழைக் காலம் முழுக்கப் பார்த்தாயிற்று.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன், மாடு நிம்மதியாகப் படுக்கிறது. கறவை மாடு ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் படுக்க வேண்டும். வெறும் சிமெண்ட் உறுத்தினால் நின்றுகொண்டே இருக்கும், அத்தனை பாரமும் குளம்பில்தான் இறங்கும், பின்னங்காலின் வெளிக்குளம்புதான் பெரும்பாலும் முதலில் கெடும். மேட் போட்டபின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, எழும்போது வழுக்குவதும் இல்லை. கொடுத்த காசு இதற்கே தகும்.

ஆனால் விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. மேட்டுக்கு அடியில் வரிவரியாகப் பள்ளம் வைத்திருக்கிறார்கள், "கழுவி விட்டாப் போதும்ண்ணே, தானா ஓடிரும்" என்றார் கடைக்காரர். தரையில் வாட்டம் இல்லாவிட்டால் ஓடாது, பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு வேண்டும். கார்த்திகையில் ஒரு மூலையைத் தூக்கினால் சாணியும் மூத்திரமும் கறுப்புக் குழம்பாக நிற்கிறது, கண்ணைக் கரிக்கும் நெடி, உள்ளே புழு நெளிகிறது. அந்த ஈரத்திலேயே கால் ஊறினால் குளம்பு மெத்துப்போய், இரண்டு குளம்புக்கும் இடையில் தோல் வெடித்து, கிருமி புகுந்து அழுகிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவியே ஆக வேண்டும், அதற்கு இரண்டு ஆள் பிடிக்கும்.

அப்புறம், மேட் போட்டால் நொண்டலே வராது என்று நம்பி வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மேட்டும் போட்டு, வாட்டமும் சரியாக வைத்திருந்தார், ஆனாலும் மாசிக் கடைசியில் மாடு தாங்கித் தாங்கி நடந்தது. டாக்டர் குளம்பைச் சீவினால் அடியில் ரத்தம் கட்டிய சிவப்புத் திட்டு. மாட்டுப் பொங்கலன்று ஆளாளுக்கு ஊட்டிய பொங்கல்தான் ஆரம்பம், அப்புறமும் தினம் வாளி வாளியாகக் கஞ்சி. சோறு மாட்டின் வயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகி, குளம்புக்குள் ஓடும் ரத்தத்தைக் கெடுக்கிறது. குளம்பு மாதத்துக்கு 5 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் அந்தக் கறை அடிப்பாகத்துக்கு வந்து சேரவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், அதற்குள் பொங்கல் ஊட்டியது யாருக்கு ஞாபகம் இருக்கும்? வைக்கோலையும் புல்லையும் முதலில் போட்டு, தவிடு புண்ணாக்கை வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்து வையுங்கள், தாது உப்பையும் விடாதீர்கள், அதிலுள்ள துத்தநாகம் குளம்பு கெட்டிப்படத் தேவை. உம்பளாச்சேரி நம் சேற்று வயலிலேயே உழுது பழகிய இனம், ஜெர்சி கலப்பை அந்தக் கணக்கில் விட முடியாது.

வாட்டமுள்ள தரை இருந்தால் தாராளமாக வாங்கலாம். பழைய பள்ளத் தரை என்றால் ஐப்பசிக்கு முன்னாலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுத் தரையைச் சரிசெய்யுங்கள், மேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.