நெடுஞ்சாலை ஓய்விடப் பக்கங்களை ஏற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை

கடலூரில் இருந்தபடி, வேளாங்கண்ணி வழியில் போகிறவர்களுக்காகச் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறேன். வண்டியை எங்கே நிறுத்தலாம், குடிநீர் எங்கே கிடைக்கும், பெண்களுக்கான கழிப்பறை எங்கே திறந்திருக்கும் என்பவைதான் அதில் இருக்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே புதுச்சேரி முதல் நாகப்பட்டினம் வரை 24 ஓய்விடங்களுக்குத் தனித்தனிப் பக்கம் போட நினைத்தேன். கணவரும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து, ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினோம்.

அவற்றை என் தளம் இயங்கும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஏற்றும் வேலையைப் புதுச்சேரி நிறுவனம் ஒன்றிடம் 18,000 ரூபாய்க்கு ஒப்படைத்தேன். முதல் மூன்று பக்கங்களைக் காட்டினார்கள். நன்றாக இருந்தன. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

கொடியேற்றம் முடிந்த நான்காம் நாள் நெய்வேலியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். சர்க்கரை நோயுள்ள தாயாரோடு சிதம்பரம் தாண்டி வரும்போது இரவு 11 மணி. கழிப்பறைக் கதவில் பூட்டு. "உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தானே அக்கா நிறுத்தினோம்" என்றார். அந்தக் கழிப்பறை 10 மணிக்குப் பூட்டப்படும் என்று குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். பக்கத்தில் ‘24 மணி நேரமும் திறந்திருக்கும்’ என்று இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திருத்தலாம் என்று உள்ளே நுழைந்தால் ‘பக்கங்கள்’ என்ற மெனுவே இல்லை. தளத்தை முழுதாகக் கையாளும் அட்மின் உரிமையை என் கணக்கிலிருந்து பறித்து, தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு என் பெயரில் இருந்ததால், தளத்தின் தகவல்கள் சேமிக்கப்படும் டேட்டாபேஸ் வழியாக உரிமையை மீட்டேன். அதுவும் அவர்கள் பெயரில் இருந்திருந்தால் தளமே போயிருக்கும்.

மற்ற 21 பக்கங்களும் ஒரே இரவில், இருபது நிமிடத்துக்குள் வெளியிடப்பட்டிருந்தன. அவற்றின் இணைய முகவரிகளின் கடைசியில் -2, -3 என்று எண்கள். ஏற்கெனவே உள்ள முகவரி மறுபடி வந்தால் வேர்ட்பிரஸ் தானாக ஒட்டும் எண் அது. ஒரே பக்கத்தைப் படியெடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடலூர்ப் பக்கத்தில் 11.7 என்ற அட்சரேகையும் 79.7 என்ற தீர்க்கரேகையும் இடம் மாறியதால், வரைபடக் குறி நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் நின்றது. எல்லா ஓய்விடமும் சாலையில் ‘நாகப்பட்டினம் போகும் பக்கம்’ இருப்பதாகவே போட்டிருந்தது. நடுத்தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கத்து ஓய்விடம் கண்ணுக்குத் தெரிந்தும் பயன்படாது. அடுத்த திருப்பம் வரை போய் வர வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு அது எவ்வளவு கொடுமை!

இப்படி வேலை கொடுப்பவர்கள் அட்மின் உரிமையைக் கைவிடாதீர்கள். ஏற்றுகிறவர் வரைவாக மட்டும் சேமிக்கட்டும். ‘வெளியிடு’ பொத்தானை நீங்களே அழுத்துங்கள். அவர்கள் காட்டும் பக்கங்களை விட்டுவிட்டு, நடுவிலும் கடைசியிலும் நீங்களாக நான்கைந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். அதைச் செய்யாமல் பணம் கொடுத்தது என் தவறு.

அந்த 21 பக்கங்களையும் எடுத்துவிட்டேன். குறிப்பேட்டைப் பார்த்து நானே ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். ஆறு முடிந்துவிட்டன. பழைய பக்கங்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகின்றன. ‘24 மணி நேரமும் திறந்திருக்கும்’ என்ற வரியுள்ள படம் வந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.